நாற்பத்து மூன்றாவது வாளி

பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு என் மனைவியின் போன் திருடு போனது. அவள் இறந்து அப்போது பதினோரு மாதம் ஆகியிருந்தது.

எப்படிப் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டவுன் பஸ் வந்தது. கூட்டம். நான் படியில் கால் வைக்கும்போது ஒருவன் பெயிண்ட் வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் ஏறினான். மூடி சரியாகப் பொருந்தாத வாளி. கெட்டுப்போன சாளை மீனின் நாற்றம். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினேன். அவ்வளவுதான். மூன்று நிறுத்தம் தாண்டி உட்கார இடம் கிடைத்தபோது பேன்ட்டின் வலது பை தட்டையாக இருந்தது.

என் சொந்த போன் தோள்பையில் பத்திரமாக இருந்தது. இருபதாயிரம் ரூபாய் போன். போனது அவளுடையது. திரையில் கீறல் விழுந்தது, சிம் இல்லாதது.

நான் கப்பல் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களுக்குக் காகிதம் தயாரிப்பது என் வேலை. பெயர் பெவின். சொந்த ஊர் நாசரேத். அவள் சுஜிதா, கடற்கரை ஊரான பெரியதாழைக்காரி. நாங்கள் புராட்டஸ்டன்ட் சபை, அவர்கள் கத்தோலிக்கக் கோயில். இரண்டு வீட்டையும் சமாதானப்படுத்த ஒரு வருடம் ஆனது. நான்கு வருடம் சேர்ந்து இருந்தோம். நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

அந்த போனில் இருந்தது ஒரே ஒரு விஷயம். காலை ஐந்து நாற்பது அலாரம்.

எனக்குத் தூக்கம் கனம். எந்த மணிச் சத்தத்துக்கும் எழ மாட்டேன். கல்யாணமான மூன்றாவது மாதம் சுஜிதா தன் குரலையே பதிவு செய்து அலாரமாக வைத்தாள். 'ஏ நாசரேத்து மூக்கா, எந்தி. குசினில தண்ணி வந்துட்டு. குடத்தப் புடி.' அதன் பிறகு ஒரு சிரிப்பு, பாதியில் நின்றுவிடும். மொத்தம் ஒன்பது விநாடி. அடுப்படிக்கு அவள் வீட்டில் குசினி என்பார்கள். மூக்கு என்னுடையது. முதன்முதலில் அவள் வீட்டுக்குப் போன அன்று முற்றத்தில் அயிலை மீன் கொட்டிக் கிடந்தது. நான் கைக்குட்டையை எடுத்துவிட்டேன். மாமனார் பார்க்கவில்லை. அவள் பார்த்துவிட்டாள்.

போனில் கோடு போட்டுத் திறக்கும் பூட்டு. அவள் விரல் எப்படிப் போகும் என்று நான் கவனித்ததே இல்லை. கடையில் கேட்டேன். திறக்கலாம், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்றார்கள். திரும்ப எடுத்து வந்துவிட்டேன். பூட்டியிருந்தாலும் அலாரம் அடிக்கும். அது போதும். சார்ஜ் போட்டு வைத்தேன். போகுமிடமெல்லாம் கொண்டு போனேன்.

அது ஒலிக்கும்போது இன்னொரு போனில் பதிவு செய்துகொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். செய்திருக்கலாம். நாளைக்குச் செய்யலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அது ஒலித்ததும் எழுந்து குடத்தை எடுக்கப் போய்விடுவேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது அந்த போனை அணைத்துவிட்டு, திரும்ப உயிர் கொடுக்க மறந்துவிட்டேன். மறுநாள் காலை அணைந்து கிடந்த போன் தானாக விழித்து, "ஏ நாசரேத்து மூக்கா" என்றது. சில போன்களுக்கு அந்தக் குணம் உண்டாம். அணைத்து வைத்தாலும் அலாரத்துக்கு எழும்.

*

காவல் நிலையத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தவர் பெயர் ஜெபகனி. தலைமைக் காவலர். நாற்பது வயதுப் பெண். போன் வாங்கிய ரசீது, பெட்டியில் உள்ள பதினைந்து இலக்க எண், இரண்டின் படமும் என்னிடம் இருந்தன. காகிதம் என் தொழில்.

"வெலை எவ்வளவு சார்?"

"இப்ப வித்தா ரெண்டாயிரம் போகும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டாயிரம் ரூவா போனுக்கா இப்படி வேர்த்து ஊத்துது?"

சொன்னேன். நான்கே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவர் தட்டச்சு செய்து முடித்தார்.

"சார், உள்ளதச் சொல்லுதேன். போன் கெடைச்சிரும். நம்பர பிளாக் பண்ணியாச்சு. எவன் சிம் போட்டாலும் எனக்குத் தகவல் வந்துரும். ஒரு மாசம் ஆனாலும் கெடைக்கும். ஆனா உள்ள இருக்கது கெடைக்காது. லாக் போட்ட போன அழிக்காம எவனும் விக்க மாட்டான்."

"எப்ப அழிப்பான்?"

"நாளைக்குக் காலைல கடை தொறந்ததும்."

மழுப்பாமல் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. புகார் ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். மணி ஏழு. வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பப் போனேன். பஸ் ஏறிய இடத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் எதுவும் இருக்காது என்று தெரியும்.

"சார், மூக்கப் பொத்துனியளா?"

நுழைவாயில் ஓரத்தில் மீன் விற்கும் பெண். தினமும் அந்த வழியாகப் போகிறேன். ஒருநாளும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. முப்பத்தெட்டு, நாற்பது வயது. முன்னால் அலுமினியத் தட்டில் ஐந்தாறு ஊளி மீன்களும் கொஞ்சம் காரலும் மிச்சம் இருந்தன.

"என்ன கேட்டிய?"

"வாளிக்காரன் பக்கத்துல ஏறுனானா, நாறுச்சா, நீங்க மூக்கப் பொத்துனியளா? அதத்தான் கேட்டேன்."

"ஆமா."

"வலது கை. வலது பை." ஒரு மீனைத் திருப்பிப் போட்டாள். "இந்த மாசத்துல நீங்க ஒம்பதாவது ஆளு."

அவள் பெயர் மெட்டில்டா. மூன்று வாரமாக அவள் அவனைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கவனித்தது என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவன் மீன்காரன் இல்ல சார். முதல் நாளே தெரிஞ்சிட்டு. மீன்காரன் வாளிய ஒடம்போட ஒட்டிப் பிடிப்பான், சேலை சட்டையில பட்டா சண்டை வருமேன்னு. இவன் தள்ளிப் பிடிக்கான், ஆளு மேல படட்டும்னு. உள்ள கெடக்கது நாலு நாள் சாளை. விக்கவே மாட்டான். வெலை கேட்டாலும் சொல்ல மாட்டான். பஸ்ல ஏறுவான், மூணாவது ஸ்டாப்புல இறங்கிருவான், எதிர் பஸ்ல திரும்பி வருவான். கடற்கரைச் சனம் ஏறுனா கிட்டயே போக மாட்டான். அவுகதான் மூக்கப் பொத்த மாட்டாவளே. டவுன்காரன், ஆபீஸ்காரன், டீச்சர்மாரு, இவுகளாப் பாத்துத்தான் நிப்பான். எந்தக் கை மூக்குக்குப் போவுதுன்னு பாப்பான். அந்தப் பக்கத்துப் பை அவனுக்கு."

நான்கு வருடம் பக்கத்தில் இருந்தவளின் விரல் எப்படிப் போகும் என்று கவனிக்காதவன் நான். இவள் மீன் விற்றுக்கொண்டே, ஈ விரட்டிக்கொண்டே, முப்பதடி தூரத்தில் ஒருவனின் மணிக்கட்டைப் படித்திருக்கிறாள்.

"போலீஸ்ல சொல்லலையா அக்கா?"

"சொன்னேன். ரெண்டு தடவை மடக்கிப் பிடிச்சாவ. பையில ஒண்ணும் இல்ல, சட்டையில ஒண்ணும் இல்ல. விட்டுட்டாவ. எங்க வச்சிருப்பான்னு சொல்லுங்க பாப்போம்."

யோசித்தேன். "கூட்டாளி கையில."

"பி.காம் படிச்ச புத்தி." சிரித்தாள். "வாளியில சார். மீனுக்கு அடியில. கவர்ல போட்டு ரப்பர் பேண்ட் சுத்தி. எங்க ஆளுக கடலுக்குப் போன் கொண்டு போவாவல்லா, அதே மாதிரி. நாலு நாள் சாளைக்குள்ள எந்தப் போலீஸு கையை விடுவாரு? அந்த நாத்தம் திருடுததுக்கு மட்டும் இல்ல, ஒளிக்கதுக்கும்தான்."

நான் பி.காம் என்று அவளிடம் சொல்லவே இல்லை. பிறகு கேட்டபோது, கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையில் போட்டிருக்கிறது என்றாள். அதில் என் பதவிதான் போட்டிருந்தது. பதவியைப் பார்த்தே படிப்பைச் சொல்லியிருக்கிறாள்.

"ஒங்களுக்கு இதுல என்னக்கா?"

அவள் முகம் மாறியது. "நேத்து பஸ்ல ஏறுதேன். ஒரு டீச்சரம்மா என்னையப் பாத்ததும் பையை நெஞ்சோட சேத்து அணைச்சிக்கிட்டாவ. இருவது வருசமா இதே பஸ்ல போறேன். மூக்கப் பொத்துவாவ. பொத்தட்டும், மீனு நாறத்தான் செய்யும். பையைப் பொத்துனா?"

நான் அலாரத்தைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. "என் பொண்டாட்டி போன். அவ செத்துட்டா" என்று தொடங்கி முடித்துவிட்டேன். அவள் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. ஒரு மீன்தலையைப் பூனைக்கு எறிந்துவிட்டு, "எத்தனை மணிக்கு அடிக்கும்?" என்றாள்.

"அஞ்சு நாப்பது."

"அணைச்சுப் போட்டாலுமா?"

"அணைச்சாலும் அடிக்கும்."

"சார்ஜு?"

"காலைல போட்டேன். நாளைக்கு வரைக்கும் நிக்கும்."

அவள் தட்டில் இருந்த மீனை அப்படியே சாக்கால் மூடினாள். "எந்திங்க. ஐஸ் கொட்டகைக்குப் போவோம்."

*

மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆவுடையப்பன் என்பவரின் ஐஸ் கொட்டகை இருக்கிறது. மிச்ச மீனை வீட்டுக்குக் கொண்டு போக முடியாத பெண்கள் ராத்திரி தங்கள் வாளியை அங்கே ஐஸ் போட்டு வைத்துவிட்டுப் போவார்கள். விடியற்காலையில் வந்து எடுப்பார்கள். ஆளுக்கு ஒரு வாளி. எல்லாம் இருபது லிட்டர் வெள்ளைப் பெயிண்ட் வாளி. கைப்பிடியில் கட்டிய முடிச்சு, மூடியில் போட்ட கீறல், இப்படி ஏதோ ஒன்றை வைத்து அவரவர் வாளியை அவரவர் கண்டுபிடிப்பார்கள். வெளியாளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

அங்கே ஒரே ஒரு சட்டம். அடுத்தவள் வாளியின் மூடியைத் தொடக்கூடாது. மீன் ஒன்று குறைந்தது என்று சண்டை வந்தால் தலைமுறைக்கும் தீராது என்பதால் எப்போதோ ஏற்பட்ட சட்டம். பூட்டு கிடையாது. காவல் கிடையாது. இதுவரை ஒரு மீன் காணாமல் போனதில்லையாம்.

வழியில் மெட்டில்டா தன் கணக்கைச் சொன்னாள். வாளிக்காரன் எட்டரை மணிக்கு மேல் பைக்கில் போவதை இரண்டு முறை பார்த்திருக்கிறாள். கையில் வாளி இல்லை. அழுகிய மீன் வாளியைத் தெருவில் வைத்தால் நாய் உருட்டும். வீட்டில் வைத்தால் அக்கம்பக்கம் சும்மா இருக்காது. மீன் வாளிகளுக்கு நடுவில் வைத்தால்தான் ஒருவரும் கேட்க மாட்டார்கள், ஒருவரும் திறக்கவும் மாட்டார்கள்.

"எங்க சட்டத்த வச்சே எங்ககிட்ட ஒளிச்சிருக்கான் சார்."

ஆவுடையப்பன் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ராத்திரிக்கு எத்தனை வாளி நிக்கி?"

"நாப்பத்தி மூணு. ஒன்னோடதயும் சேத்துத்தான் சொல்லுதேன்."

"நாங்க நாப்பத்தி ரெண்டு பேர்தான அண்ணாச்சி?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏளா, நான் வாளியத்தான் எண்ணுவேன். மூஞ்சிய எண்ணுனா எம் பொண்டாட்டி சும்மா இருப்பாளா?"

மெட்டில்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வாளி அதிகமாக இருந்தது.

வரிசை வரிசையாக வாளிகள் நின்றன. அதில் ஒன்றுக்குள் சுஜிதா இருந்தாள் என்று எழுதினால் மிகையாகிவிடும். போன் இருந்தது. "இப்பவே தொறந்து பாத்துரலாமே" என்றேன். கை நீட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"தொடாதிய." குரல் உயரவே இல்லை. "எதுன்னு தெரியாது. தப்பான வாளியத் தொட்டா நாளைக்கு நான் இங்கன நிக்க முடியாது. காலைல அதுவே சொல்லட்டும்."

ஜெபகனியிடம் போய்ச் சொன்னோம். வாளி பேசும் என்று ஒரு தலைமைக் காவலரிடம் சொல்வது எளிதல்ல. மெட்டில்டா சொன்னாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "ஒன்னைய முன்னாலயே தெரிஞ்சிருந்தா எனக்கு ரெண்டு புரோமோஷன் வந்திருக்கும்" என்றார். "யூனிபார்ம்ல வந்தா பறந்துருவான். சுடிதார்ல வாரேன்."

அன்று இரவு நான் தூங்கவில்லை. எழுப்ப யாரும் இல்லையே.

*

காலை ஐந்து மணிக்குக் கொட்டகையில் பெண்கள் கூடியிருந்தார்கள். வழக்கமாக வந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு ஏலத்துக்கு ஓடுவார்கள். அன்று மெட்டில்டா ஒருத்தியையும் விடவில்லை. அவரவர் வாளிக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தாள்.

"ஏளா மெட்டில்டா, ஏலம் முடிஞ்சிரும். நீ என்ன எங்களுக்குச் செபமாலையா சொல்லப் போற?" என்று ஹில்டா என்ற வயதான பெண் கத்தினாள்.

"பத்து நிமிசம் வாயப் பொத்து. மூக்கத்தான் பொத்தத் தெரியாது ஒனக்கு."

முப்பத்தாறு பேர் வந்திருந்தார்கள். ஆறு பேர் வரவில்லை. உடன்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். ஆக, ஆள் இல்லாத வாளி ஏழு. பச்சைச் சுடிதாரில் வந்திருந்த ஜெபகனி என் காதில் சொன்னார்: "ஏழுதான. தொறந்து பாத்துருவோமே."

மெட்டில்டாவுக்குக் கேட்டுவிட்டது. "வேண்டாம்மா. இல்லாதவ வாளியில கை வைக்கது பேருதான் களவு. அத நாம செஞ்சா அவன் எதுக்கு?"

ஜெபகனி சரி என்று தலையசைத்தார். அதற்காகவும் அவரை எனக்குப் பிடித்தது.

ஐந்து முப்பத்து மூன்றுக்கு ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் வாளியைத்தான் பார்த்திருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. மெட்டில்டா குனிந்து சேலையைச் சொருகியபடி, "டீ கிளாஸோட நிக்கான் பாருங்க" என்றாள். அவன் உள்ளே வரவில்லை. இவ்வளவு கூட்டம் இந்த நேரத்தில் நின்றுகொண்டிருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. வாசலில் நின்று மெதுவாக டீ குடித்தான். ஒரு வாளியையும் அவன் பார்க்கவில்லை. தொழில் தெரிந்தவன்தான்.

ஐந்து முப்பத்தெட்டு. ஐந்து முப்பத்தொன்பது. ஐஸ் உடைக்கும் மெஷினை ஆவுடையப்பன் நிறுத்தினார்.

ஐந்து நாற்பது.

ஒன்றும் கேட்கவில்லை.

தண்ணீர் சொட்டியது. யாரோ இருமினார்கள். ஐந்து நாற்பத்தொன்று. தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்று நினைத்தேன். அல்லது ராத்திரியே எடுத்துக்கொண்டு போயிருப்பான். மெட்டில்டா என்னைப் பார்க்கவில்லை. வாளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கிளாஸைத் திட்டில் வைத்துவிட்டுத் திரும்பி நடக்கத் தொடங்கினான்.

அப்போது ஐஸுக்கு அடியிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, அவள் குரல் வந்தது.

"ஏ நாசரேத்து மூக்கா, எந்தி."

முப்பத்தாறு பெண்களும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். "எம் மாதாவே, எம் வாளி பேசல!" என்று ஹில்டா பின்னால் தாவினாள். "குசினில தண்ணி வந்துட்டு. குடத்தப் புடி." சிரிப்பு. பிறகு மறுபடியும் முதலிலிருந்து. மெட்டில்டா வரிசைக்குள் நடந்தாள். ஒவ்வொரு மூடிக்கு மேலும் காதை வைத்தாள், தொடாமல். இரண்டாவது வரிசை, நான்காவது, ஐந்தாவது. நின்றாள்.

"எம் பக்கத்துலயா!" என்று கத்தினாள். "மூணு வாரமா எம் வாளிக்குப் பக்கத்துலயே வச்சிருக்கான், களவாணிப் பய!"

அவன் ஓடினான். பத்தடிதான் ஓடினான். தெருவுக்குப் போகும் சந்தில் ஐஸ் வண்டி குறுக்கே நின்றது. அவன் சந்துக்குள் வந்ததும் அதை அங்கே நிறுத்தச் சொல்லிவைத்தது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஜெபகனி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அவன், "எனக்கு எந்த வாளியும் கெடையாது, டீ குடிக்க வந்தேன்" என்றான்.

"அப்ப இந்த வாளி யாருது?" என்று மெட்டில்டா கேட்டாள். "ஏளா, வராதவளுக்கெல்லாம் போனப் போடுங்க. அவவ வாளிக்கு என்ன அடையாளம்னு கேளுங்க."

ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் போன் போட்டார்கள். சிவப்பு நூல், மூடியில் சிலுவை, கைப்பிடியில் வளையல் துண்டு. ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லச் சொல்ல அந்த வாளிகளின் மேல் ஒவ்வொரு பெண் கை வைத்தாள். கடைசியில் ஒன்று மட்டும் கை இல்லாமல் நின்றது. அவன் சட்டைப் பையில் ரப்பர் பேண்ட் கட்டு ஒன்றும், சிம் எடுக்கும் ஊசியும் இருந்தன. டீ குடிக்க வந்தவன் சட்டைப் பையில்.

எல்லார் கண் முன்னாலும் மெட்டில்டா மூடியைத் திறந்தாள். முழங்கை வரை கையை விட்டாள். ஐந்து போன்கள். ஐந்தும் கவரில். நான்கு செத்துக் கிடந்தன. ஒன்றில் வெளிச்சம் இருந்தது.

ஜெபகனி காகிதத்தை எடுத்தார். "சார், இது கேஸ் சொத்து. நான் எடுத்துட்டுப் போயாகணும். கோர்ட்டு வழியாத்தான் ஒங்களுக்கு வரும். நாளாகும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. காகித வேலை பார்ப்பவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கவருக்குள் போன் பேசுவதை நிறுத்தியிருந்தது. சிம் இல்லாததால் அதன் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தது. மூலையில் பாட்டரி சிவப்பாகத் தெரிந்தது. நான்கு சதவீதம்.

"இன்னொருக்கா அடிக்குமா?" என்று மெட்டில்டா கேட்டாள்.

"அடிக்கும். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா."

"எம்மா, ஒங்களுக்கு எழுத எவ்வளவு நேரமாவும்?"

ஜெபகனி பேனாவின் மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார். மறுபடி திறந்தார். "அஞ்சு போனு. ஒவ்வொண்ணா நெறம், கீறல் எல்லாம் எழுதணும். பத்து நிமிசமாவது ஆவும். நான் மெதுவாத்தான் எழுதுவேன்."

"அப்ப ஒம் போன எடு தம்பி" என்றாள் மெட்டில்டா. அதுவரை சார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "பதிவு பண்ணு. நாளைக்குன்னு சொன்னா இந்த வாளியிலயே ஒன்னைய முக்கிருவேன்."

நான் போனை எடுத்தேன். அவள் அந்தக் கவரைத் தன் உள்ளங்கையில் வைத்து என் போனுக்கு நேராக நீட்டினாள். கையில் செதில். நாற்றம் முகத்தில் அடித்தது. எனக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தது.

"ஏளா, இந்தப் பிள்ளையோட பொண்டாட்டி சத்தம் இது. அவ இல்ல இப்ப. ஒருத்தி மூச்சு விடப்படாது, சொல்லிட்டேன்."

அந்தக் கொட்டகையில் அதற்கு முன்போ பின்போ அப்படி ஒரு அமைதி இருந்திருக்காது. ஏலத்துக்கு நேரமாகிவிட்ட முப்பத்தாறு பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்கள். ஹில்டா வாயில் சேலைத் தலைப்பை வைத்திருந்தாள். ஆவுடையப்பன் சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு அடியில் தன் தோள் துண்டை வைத்தார். வாளிக்காரனும் பேசவில்லை.

ஐந்து நாற்பத்தேழுக்கு அவள் பேசினாள். ஒன்பது விநாடியும் பேசினாள். மறுபடி ஒருமுறை பேசத் தொடங்கி, 'எந்தி' என்ற இடத்தில் திரை இருண்டது.

முதல் தடவை முழுசாகப் பதிவாகியிருந்தது.

"வந்துட்டா?" என்றாள் மெட்டில்டா.

"வந்துட்டு."

"அப்ப போய்க் குடத்தப் புடி, மூக்கா" என்றாள். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று ஜெபகனி பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

*

வழக்கு நடக்கிறது. போன் இன்னும் வரவில்லை. பஸ்ஸில் இப்போது பையை முன்னால் தொங்கவிட்டுக்கொள்கிறேன். பேன்ட் பையில் ஒன்றும் வைப்பதில்லை. நெருக்கிக்கொண்டு யாராவது ஏறினால் அவர்கள் வைத்திருக்கும் பொருளைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறேன். மெட்டில்டா சொன்னது. அவள் பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுக்கிறேன். "உக்காருல, நாறும்" என்பாள். உட்கார்ந்துகொள்வாள்.

அன்று வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டேன். ஒன்பது விநாடி சுஜிதா. பிறகு இருட்டுக்குள் பாதியில் நின்ற இன்னொரு முறை. பிறகு மெட்டில்டாவின் குரல், குடத்தப் புடி, மூக்கா. பிறகு முப்பத்தாறு பெண்களின் சிரிப்பு. பின்பகுதியை வெட்டிவிடலாம். அரை நிமிட வேலை.

வெட்டவில்லை. ஐந்து நாற்பதுக்கு அதை முழுதாக வைத்திருக்கிறேன். கடைசிச் சிரிப்பு முடிவதற்குள் எழுந்துவிடுகிறேன்.